ஒரு சோறு பதமாகுமா?

மூன்றாம் ஆண்டு, இளம் அறிவியல் இயற்பியல்

"ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்" என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லுவார்கள். அடுப்பிலே கொதிக்கின்ற பானையைப் பொறுத்தவரை அது முற்றிலும் உண்மை. ஒரே நீர், ஒரே தீ, ஒரே நேரம்; ஆகவே ஒரு பருக்கை வெந்திருந்தால் பானை முழுவதும் வெந்திருக்கும். ஆனால் பானைக்குப் பொருந்துகின்ற இந்த நியாயத்தை ஆற்றுக்கும், ஆலைக்கும், வீதியில் ஓடுகின்ற வாகனத்துக்கும் பொருத்திவிட்டோமே, அது சரியா? மாணவ நண்பர்களின் முன்னும் ஆசிரியப் பெருமக்களின் முன்னும் நான் வைக்க விரும்பும் கேள்வி இதுதான்.

நம்முடைய திருப்பூர் உழைப்புக்குப் பெயர் பெற்ற ஊர். விடியற்காலையில் ஷிப்டுக்கு ஆள் ஏற்றிச் செல்லும் வேன்கள், நிட்டிங்கிலிருந்து டையிங்குக்கும், டையிங்கிலிருந்து காம்பாக்டிங்குக்கும் துணி உருளைகளைச் சுமந்து செல்லும் டெம்போக்கள், கட்டிங் முடிந்த கட்டுகளை ஸ்கூட்டரின் முன்னும் பின்னும் வைத்துக்கொண்டு பறக்கும் ஜாப் ஒர்க்காரர்கள் என்று எல்லோருமாகச் சேர்ந்துதான் ஒரு பனியனை உருவாக்குகிறார்கள். ஒரு பனியன் நம் உடம்புக்கு வருமுன் எத்தனையோ முறை எஞ்சின் ஏறிப் பயணம் செய்துவிடுகிறது. அந்த எஞ்சின்கள் விடுகின்ற மூச்சைத்தான் குமரன் சாலையிலும், அவிநாசி சாலையிலும், பல்லடம் சாலையிலும் நாம் அனைவரும் உள்ளே இழுத்துக்கொண்டிருக்கிறோம். அந்த மூச்சு எப்படிப்பட்டது என்பதை நாம் அளந்து அறிகிறோமா?

ஆண்டுக்கு ஒரு நிமிடம்

"அளக்காமல் என்ன? புகைச் சான்றிதழ் இருக்கிறதே!" என்று சிலர் கேட்கக்கூடும். உண்மைதான். பாரத் 4 (பி.எஸ். 4), பாரத் 6 வகை வாகனங்களுக்கு ஆண்டுக்கு ஒரு முறையும், அதற்கு முந்தைய வகைகளுக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறையும் புகைச் சோதனை செய்து சான்று பெற வேண்டும். பெட்ரோல் கார் ஒன்றை நிறுத்தி, சைலன்சர் குழாயில் ஒரு கோலை நுழைக்கிறார்கள். பாரத் 4, பாரத் 6 கார்களாயின், வெறுமனே ஓடும் நிலையில் கார்பன் மோனாக்சைடு 0.3 விழுக்காட்டுக்கு மேலும், ஹைட்ரோகார்பன் பத்து லட்சத்தில் 200 பங்குக்கு மேலும் போகக்கூடாது. பிறகு ஆக்சிலேட்டரை அழுத்தி நிமிடத்துக்கு 2500 சுற்று அளவில் நிறுத்தி, கார்பன் மோனாக்சைடு 0.2 விழுக்காட்டுக்குள் இருக்கிறதா, லாம்டா என்னும் அளவு 1க்கு 0.03 மேலோ கீழோ போகாமல் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். முடிந்தது சோதனை.

இந்தச் சோதனையை நான் குறைகூற வரவில்லை. கெட்டுப்போன வண்டியை அது பிடித்துவிடும். ஆனால் அந்த நேரத்தில் வண்டி நிற்கிறது, எஞ்சினுக்குச் சுமை இல்லை, எஞ்சின் சூடாகியிருக்கிறது. அதே வண்டி ஆட்களையும் மூட்டைகளையும் ஏற்றிக்கொண்டு ரயில்வே மேம்பாலத்தில் ஏறும்போது என்ன செய்கிறது? காலையில் குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பிய முதல் இரண்டு நிமிடத்தில் என்ன செய்கிறது? முழு ஆக்சிலேட்டரில் லாரியை முந்தும்போது என்ன செய்கிறது? இவற்றில் ஒன்றுக்கும் சான்றிதழில் விடை இல்லை. ஆண்டில் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட நிமிடங்கள் உண்டு. அவற்றுள் ஒன்றிரண்டு நிமிடங்களைப் பதமாக எடுத்து மற்றவற்றுக்கெல்லாம் நற்சான்று கொடுத்துவிடுகிறோம்.

லாம்டா என்பது என்ன?

பொருளாதாரமும் வணிகவியலும் பயிலும் நண்பர்களுக்காக இதைச் சற்று விளக்க வேண்டும். ஒரு கிலோ பெட்ரோல் மிச்சமின்றி எரிவதற்கு ஏறத்தாழ 14.7 கிலோ காற்று தேவை. சரியாக அந்த அளவு காற்று கிடைத்தால் லாம்டா 1 என்போம். காற்று கூடினால் லாம்டா 1க்கு மேல் போகும். இதனை 'லீன்' என்பார்கள். பெட்ரோல் கூடினால் 1க்குக் கீழே இறங்கும். இதனை 'ரிச்' என்பார்கள். நம் ஊர் மெக்கானிக்குகள் எல்லோருக்கும் பழக்கமான சொற்கள் இவை.

எரிபொருள் கூடினால் எரியாத மிச்சமும் கார்பன் மோனாக்சைடும் பெருகும். காற்று கூடினால், பிராணவாயு மிஞ்சிக் கிடப்பதால் கன்வெர்ட்டரால் நைட்ரஜன் ஆக்சைடுகளைச் சிதைக்க இயலாது. சைலன்சரில் பொருத்தப்பட்டுள்ள மூவழிக் கன்வெர்ட்டர் இம்மூன்று நச்சுகளையும் ஒருசேர அழிக்க வேண்டுமானால், லாம்டா 1ஐ ஒட்டிய மிகக் குறுகிய இடைவெளிக்குள் எஞ்சின் நின்றாக வேண்டும். கயிற்றின் மேல் நடக்கும் கழைக்கூத்தாடியின் நிலை அது. இந்தப் பக்கம் சாய்ந்தாலும் விழுவான். அந்தப் பக்கம் சாய்ந்தாலும் விழுவான்.

அந்தக் கழைக்கூத்தாடியின் கையிலுள்ள கம்புதான் ஆக்சிஜன் சென்சார். 1976ஆம் ஆண்டு பாஷ் நிறுவனம் தயாரித்த இந்தச் சென்சார் வால்வோ கார்களில் முதன்முதலாகப் பொருத்தப்பட்டது. ஆனால் அதன் வேர் இன்னும் பழையது. 1920ஆம் ஆண்டுக்கான வேதியியல் நோபல் பரிசைப் பெற்ற வால்தர் நெர்ன்ஸ்ட் வகுத்த சமன்பாட்டை நாம் வகுப்பில் படித்திருக்கிறோம், தேர்விலும் எழுதியிருக்கிறோம். அந்தச் சமன்பாடுதான் ஒவ்வொரு காரின் சைலன்சரிலும் இரவு பகலாக வேலை செய்துகொண்டிருக்கிறது.

சிர்கோனியா என்னும் பீங்கான் சூடேறினால் பிராணவாயு அயனிகள் அதன் வழியே நகரும். ஒரு புறம் வெளிக்காற்று. அதில் பிராணவாயு 20.9 விழுக்காடு. மறு புறம் எஞ்சின் புகை. இரு புறத்துக்கும் உள்ள வேறுபாடு மின்னழுத்தமாக வெளிப்படுகிறது. ஆயிரம் கெல்வின் வெப்பத்தில், புகையில் பிராணவாயு ஒரு விழுக்காடு எஞ்சியிருந்தால் கணக்குப்படி கிடைப்பது ஏறத்தாழ 0.065 வோல்ட். பிராணவாயு அறவே அற்றுப்போன ரிச் புகையானால் 0.9 வோல்ட்டை நெருங்கும். விருப்பமுள்ள நண்பர்கள் தாளும் பேனாவும் எடுத்துப் போட்டுப் பார்க்கலாம், விடை வரும்.

இதில் ஒரு குறை உண்டு. இந்தச் சாதாரணச் சென்சார் "கூட", "குறைய" என்று மட்டும்தான் சொல்லும். எவ்வளவு கூட, எவ்வளவு குறைய என்று சொல்லாது. 0.45 வோல்ட்டுக்கு மேல் போனால் ரிச், கீழே வந்தால் லீன், அவ்வளவுதான். துணியைத் தொட்டுப் பார்த்து "கனமாக இருக்கிறது", "லேசாக இருக்கிறது" என்று சொல்வதைப் போன்றது இது. பையரிடம் போய் அப்படிச் சொன்னால் ஏற்பாரா? ஜி.எஸ்.எம். எத்தனை என்று எண்ணிலே கேட்பார். அந்த எண்ணைச் சொல்லுகின்ற கருவியே வைடுபேண்ட் சென்சார்.

வைடுபேண்டில் இரண்டு அறைகள் உண்டு. ஒன்று முன்சொன்ன நெர்ன்ஸ்ட் அறை. மற்றொன்று பிராணவாயுவை உள்ளும் புறமும் இறைக்கும் அறை. உள்ளே வந்த புகை லீனாக இருந்தால் மிஞ்சிய பிராணவாயுவை வெளியே இறைக்கிறது. ரிச்சாக இருந்தால் உள்ளே இறைக்கிறது. சின்னஞ்சிறு அறையில் எப்போதும் லாம்டா 1 நிலவுமாறு பார்த்துக்கொள்ள எவ்வளவு மின்னோட்டம் தேவைப்பட்டதோ, அதுவே விடை. கிணற்றின் நீர்மட்டம் மாறாமல் இருக்க எத்தனை ஏற்றம் இறைத்தோம் என்று எண்ணி ஊற்றின் வேகத்தைக் கணிப்பதைப் போன்ற எளிய, ஆனால் அழகான உத்தி இது.

ஒரே வரியில் எழுதப்பட வேண்டும்

சென்சார் இருந்தால் மட்டும் போதுமா? போதாது. டையிங் பட்டறையில் வேலை பார்த்தவர்களைக் கேளுங்கள். "வெப்பம் 60 டிகிரி இருந்தது" என்று மட்டும் சொன்னால் அதனால் பயனில்லை. எத்தனையாவது நிமிடத்தில் 60 டிகிரி, அப்போது உப்பு போட்டாயிற்றா, சோடா போட்டாயிற்றா, பி.எச். எவ்வளவு என்று எல்லாம் ஒரே வரிசையில் எழுதப்பட்டிருந்தால்தான், ஷேடு ஏன் மாறிற்று என்று கண்டுபிடிக்க முடியும். எஞ்சினும் அப்படியே. "லாம்டா 0.88" என்ற எண் தனியே நின்றால் அதற்குப் பொருளில்லை. முழு ஆக்சிலேட்டரில் 0.88 என்றால் அது சக்திக்காகச் செய்யப்பட்ட ஏற்பாடாக இருக்கலாம். சமதளத்தில் மெல்லப் போகும்போது 0.88 என்றால் எங்கேயோ கோளாறு.

ஆகவேதான் வைடுபேண்டின் அளவைத் தனியே ஒரு மீட்டரில் பார்ப்பதைவிட, காரின் எஞ்சின் கணிப்பொறி வழியாகவே பதிவு செய்வது சிறந்தது. சுழற்சி, ஆக்சிலேட்டர் நிலை, உறிஞ்சு குழாயின் அழுத்தம், நீரின் வெப்பம், லாம்டா ஆகிய அனைத்தும் ஒரே கடிகாரத்தின் கீழ், ஒரே வரியில் வந்து விழும்.

இதற்கு இரண்டு வழிகள் உண்டு. இன்றைய கார்கள் பலவற்றில் கன்வெர்ட்டருக்கு முன்னால் வைடுபேண்டும், பின்னால் சாதாரணச் சென்சாரும் உற்பத்தியின்போதே பொருத்தப்படுகின்றன. ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள ஓ.பி.டி. சாக்கெட்டில் சிறு அடாப்டரைச் செருகிக் கேட்டால் கணிப்பொறி விடை சொல்லும். விடை இரண்டு பைட்டுகளாக வரும். முதல் பைட்டை 256ஆல் பெருக்கி, இரண்டாம் பைட்டைக் கூட்டி, 32768ஆல் வகுத்தால் லாம்டா கிடைக்கும். 128, 0 என்று வந்தால் விடை 1. 112, 0 என்று வந்தால் 0.875. கணிப்பொறி அறிவியல் முதலாண்டு மாணவர் பத்து வரியில் எழுதிவிடக்கூடிய நிரல் இது.

இரண்டாவது வழி, நாமே தனியாக ஒரு வைடுபேண்டைப் பொருத்தி, அதன் 0 முதல் 5 வோல்ட் வரையிலான வெளியீட்டைக் கணிப்பொறியின் உள்ளீடு ஒன்றில் இணைப்பது. பந்தயக் கார் கட்டுபவர்கள் செய்வது இதுவே. இதில் எச்சரிக்கை தேவை. 0 வோல்ட்டுக்குக் காற்று விகிதம் 10, 5 வோல்ட்டுக்கு 20 என்று வைத்தால், 0.1 வோல்ட் பிசகு 0.2 பிசகாகிவிடும். சென்சாரின் ஹீட்டர் அதிக மின்னோட்டம் இழுப்பதால், எர்த் கம்பியைக் கண்ட இடத்தில் முடுக்கினால் இந்தப் பிசகு எளிதில் வந்துவிடும். கணிப்பொறியின் எர்த் எங்கே இருக்கிறதோ அங்கேயே முடுக்க வேண்டும்.

இது நமக்கு எட்டாத வித்தையன்று. கோவை நெசவாலைக் குடும்பத்தில் பிறந்து, மாருதி எஞ்சினை வைத்துப் பந்தயக் கார்களை உருவாக்கி, 1995இல் விமான விபத்தில் மறைந்த கரிவரதன் அவர்களின் நினைவாகச் செட்டிபாளையத்தில் 2003ஆம் ஆண்டு கரி மோட்டார் ஸ்பீட்வே திறக்கப்பட்டது. நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் பொறியியல் மாணவர்கள் தாமே கட்டிய கார்களுடன் 'ஃபார்முலா பாரத்' போட்டிக்கு அங்கே வருகிறார்கள். பெட்ரோல் கார்களுக்கு எஞ்சின் 710 சி.சி.க்கு மேற்படக்கூடாது; காற்று முழுவதும் 20 மில்லிமீட்டர் துளை வழியே மட்டும் நுழைய வேண்டும் என்பது விதி. அந்தச் சிறு துளையில் அதிகபட்சச் சக்தியை எடுக்க வேண்டுமானால் லாம்டாவைப் பதிவு செய்து படிப்பதைத் தவிர வேறு வழியில்லை. நம் வீட்டிலிருந்து பேருந்தில் போய்வரக்கூடிய தொலைவில் நடக்கின்ற இதனை நம்மில் எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்?

நொய்யல் கற்பித்த பாடம்

தொடர்ந்த பதிவு எதற்கு என்பதைத் திருப்பூர்க்காரர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. நொய்யல் முன்னமே விளக்கிவிட்டது. 1992இல் கட்டி முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, பாசனத்துக்காகக் கட்டப்பட்டது. சில ஆண்டுகளுக்குள்ளாகவே, அதன் நீரைத் திறந்துவிட வேண்டாம் என்று உழவர்களே கேட்கும் நிலை வந்தது. அணைக்குத் தண்ணீர் கேட்டுப் போராடிய நாடு இது. தண்ணீர் வேண்டாம் என்று போராட வைத்தது சாயம். 2011ஆம் ஆண்டு ஜனவரி 28ஆம் நாள் சென்னை உயர் நீதிமன்றம், கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியேற்றாத நிலையை அடையும்வரை சாயப்பட்டறைகளை மூடும்படி ஆணையிட்டது. அதனால் எத்தனை வீடுகளில் அடுப்பு அணைந்தது என்பதை அந்த நாட்களில் இங்கே வாழ்ந்த பெற்றோர்கள் அறிவார்கள்.

அதற்கு முன்னால் சோதனையே இல்லாமலா இருந்தது? இருந்தது. ஒரு புட்டியில் நீரெடுத்து, கரைந்த உப்பு லிட்டருக்கு 2100 மில்லிகிராமுக்குள் இருக்கிறதா என்று பார்க்கும் முறை இருந்தது. ஆனால் பகலில் எடுத்த புட்டிக்கு இரவில் ஓடிய நீரைத் தெரியாது. வெயில் நாளில் எடுத்த புட்டிக்கு மழை நாளில் ஓடிய நீரைத் தெரியாது. ஒரு சோறு பதம் பார்த்தோம். பானை முழுவதும் கெட்டுப்போயிற்று. 2014ஆம் ஆண்டு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், அதிக மாசு தரும் 17 வகைத் தொழில்களும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களும் இடைவிடாது அளந்து அனுப்பும் கருவிகளைப் பொருத்த வேண்டும் என்று ஆணையிட்டது. புட்டியிலிருந்து பதிவேட்டுக்கு வந்தோம். நீருக்கு நாம் கொடுத்த விலைக்குக் கிடைத்த அறிவு அது. அதே அறிவைக் காற்றுக்கும் பயன்படுத்த மீண்டும் ஒரு முறை விலை கொடுத்தாக வேண்டுமா?

பொய் சொன்ன கணிப்பொறி

இங்கே நியாயமான ஓர் ஐயம் எழும். காரின் கணிப்பொறி சொல்வதை நம்பலாமா? உலகத்தையே அதிர வைத்த நிகழ்ச்சி ஒன்று இதற்கு விடை சொல்லுகிறது. அமெரிக்காவில் மேற்கு வர்ஜீனியாப் பல்கலைக்கழகத்து ஆய்வாளர் குழு ஒன்று, டீசல் கார்களின் புகையை ஆய்வுக்கூடத்தில் மட்டுமன்றி, கையோடு எடுத்துச் செல்லும் கருவிகளைக் காரிலேயே ஏற்றிச் சாலையிலும் அளந்தது. அக்குழுவில் சென்னையிலிருந்து சென்ற அரவிந்த் திருவேங்கடம் அவர்களும் ஒருவர். அளந்த கார்களுள் ஒன்று சாலையில் வெளியிட்ட நைட்ரஜன் ஆக்சைடு, அனுமதித்த அளவைப்போல் 15 முதல் 35 மடங்கு இருந்தது. 2015ஆம் ஆண்டு செப்டம்பர் 18ஆம் நாள் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, ஃபோக்ஸ்வாகன் நிறுவனத்தின் மீது குற்றச்சாட்டை வெளியிட்டது. சோதனை நடக்கிறது என்பதைக் காரின் கணிப்பொறியே உணர்ந்து, அந்த நேரத்தில் மட்டும் நல்ல பிள்ளையாக நடந்துகொள்ளும்படி நிரல் எழுதப்பட்டிருந்தது. உலகெங்கும் ஏறத்தாழ 1 கோடியே 10 லட்சம் கார்களில் அந்த நிரல் இருந்ததை நிறுவனமே ஒப்புக்கொண்டது.

இதிலிருந்து நான் பெறும் பாடம் இரண்டு. ஒன்று, சோதனைக் கூடத்து நிமிடம் வேறு, சாலையின் நிமிடம் வேறு. இரண்டு, ஒரே பதிவேட்டை மட்டும் நம்பக்கூடாது. வணிகவியல் நண்பர்களுக்கு இது புதிதன்று. கடைக்காரரின் பேரேட்டை வங்கியின் கணக்கோடு ஒத்துப் பார்ப்பதுதானே தணிக்கை? கம்பெனியில் எடுத்த சாயக் கெட்டித்தன்மைச் சோதனையைப் பையர் வாங்கிக்கொள்கிறார். ஆனாலும் வெளி ஆய்வகத்துக்கும் ஒரு துண்டு அனுப்புகிறார். அதுபோலவே, கார் தானே சொல்லும் லாம்டா ஒரு பத்தியிலும், நாம் பொருத்திய வைடுபேண்ட் சொல்லும் லாம்டா அடுத்த பத்தியிலும் இருக்கட்டும். இரண்டும் ஒத்துப்போனால் மகிழ்ச்சி. ஒத்துப்போகாவிட்டால் அங்கேதான் ஆராய்ச்சி தொடங்குகிறது.

நம் அரசும் சாலையின் பக்கம் திரும்பியுள்ளது. 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் பாரத் 6 விதிகள் வந்தன. 2023 ஏப்ரல் 1 முதல் புதிய கார்கள் சாலையில் ஓடும்போதே அளக்கப்பட்டு அந்த அளவுக்கும் கட்டுப்பட வேண்டும் என்ற நிலை வந்தது. வரவேற்க வேண்டிய மாற்றம். ஆனால் அது தயாரிப்பாளருக்கான விதி. வாங்கிய பிறகு பத்தாண்டு ஓடுகின்ற வண்டிக்கு இன்றும் அதே குழாய், அதே கோல், அதே ஒரு நிமிடம்.

மறுப்பவர்களுக்கு மறுமொழி

"மெக்கானிக்கின் காது போதாதா?" என்பார் சிலர். காதால் கேட்டே எஞ்சினின் நோயைச் சொல்லும் மெக்கானிக்குகள் நம் ஊரில் உண்டு. அவர்கள் திறமைக்கு நான் தலைவணங்குகிறேன். கார்புரேட்டர் காலத்தில் ஸ்க்ரூவைத் திருப்பித் திருப்பி அவர்கள் செய்த டியூனிங் ஒரு கலை. ஆனால் லாம்டா 0.97க்கும் 1.03க்கும் உள்ள வேறுபாட்டை எந்தக் காதும் கேட்க முடியாது. கன்வெர்ட்டருக்கோ அது பெரிய வேறுபாடு. இன்றைய மெக்கானிக்கின் கையில் ஸ்கேனர் இருக்கிறது. நம் கையில் சமன்பாடு இருக்கிறது. அவருக்குச் சமன்பாட்டைச் சொல்லித் தருவார் இல்லை. நமக்கு ஸ்கேனரைக் காட்டுவார் இல்லை. இந்த இரண்டு கைகளையும் சேர்க்காதது யார் குற்றம்?

"சென்சாரும் தவறு செய்யுமே" என்பார் வேறு சிலர். செய்யும். சென்சாருக்கு முன்னால் சைலன்சரில் ஓட்டை இருந்தால் வெளிக்காற்று புகுந்து பொய்யாக லீன் காட்டும். ஒரு சிலிண்டர் எரியாமல் விட்டுவிட்டால், பெட்ரோலும் எரியவில்லை, காற்றும் எரியவில்லை. சென்சாரோ மிஞ்சிய பிராணவாயுவை மட்டும் கண்டு லீன் என்று சொல்லும். அதை நம்பி இன்னும் பெட்ரோல் ஊற்றினால் கேடு இரட்டிப்பாகும். கருவி சொல்லும் எண்ணுக்கும் உண்மைக்கும் இடையே ஓர் இடைவெளி உண்டு. அந்த இடைவெளியைக் கடக்கும் பாலத்துக்குப் பெயர்தான் கல்வி. சென்சார் தவறும் என்பது சென்சார் வேண்டாம் என்பதற்குக் காரணமாகாது. படித்தவர்கள் வேண்டும் என்பதற்கே காரணமாகும்.

எரிபொருளும் மாறிக்கொண்டிருக்கிறது. பெட்ரோலில் எத்தனால் 20 விழுக்காடு கலக்கும் நிலையை 2025ஆம் ஆண்டு நாடு எட்டியது. எத்தனால் தன்னுள்ளேயே பிராணவாயுவை வைத்திருப்பதால் அதற்குக் காற்று குறைவாகவே தேவை. ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 9 கிலோ போதும். அதனால் 20 விழுக்காடு கலந்த பெட்ரோலுக்கு 14.7 என்ற பழைய எண் 13.5ஐ ஒட்டி இறங்கிவிடுகிறது. "என் வண்டிக்கு இது ஒத்துக்கொள்ளுமா?" என்று வீதிக்கு வீதி வாதம் நடக்கிறது. ஒருவர் கெடுதல் என்கிறார். ஒருவர் இல்லை என்கிறார். இருவர் கையிலும் பதிவேடு இல்லை. கணிப்பொறி எரிபொருளை எவ்வளவு கூட்டிச் சமாளிக்கிறது, லாம்டா 1இல் நிற்கிறதா இல்லையா என்று ஒரு வாரம் பதிவு செய்து பார்த்தால் அந்த வண்டியைப் பற்றிய வாதத்தில் பாதி தீர்ந்துவிடுமே!

நாம் செய்யத்தக்கவை

குறை சொல்லிவிட்டுப் போவது எளிது. ஆகவே என் கருத்துகளை வேண்டுகோளாக வைக்கிறேன்.

முதலாவதாக, நம் கல்லூரியில் இயற்பியல், வேதியியல், கணிப்பொறி அறிவியல் துறைகள் இணைந்து ஒரு பதிவு மேசையைத் தொடங்க வேண்டும். ஓர் அடாப்டர், ஒரு வைடுபேண்ட், ஒரு பழைய லேப்டாப் போதும். நெர்ன்ஸ்ட் சமன்பாட்டைக் கரும்பலகையிலிருந்து சைலன்சருக்கு இறக்கி வைப்போம். வணிகவியல் துறையினர் இரண்டு பத்திகளையும் ஒத்துப் பார்க்கும் தணிக்கையை ஏற்கட்டும். தமிழ்த் துறையினர் மெக்கானிக்குகள் படிக்கத்தக்க எளிய தமிழில் ஒரு சிறு கையேடு எழுத உதவட்டும்.

இரண்டாவதாக, நாட்டு நலப்பணித் திட்ட முகாமின்போது, விரும்பி முன்வருவோரின் கார்களில் ஒரு நாள் பதிவு செய்து, முடிவை உரிமையாளரிடமே கொடுப்போம். இடம், பெயர், வண்டி எண் எதுவும் நமக்கு வேண்டாம். எஞ்சினின் எண்கள் போதும். ஓட்டுபவர் சாலையைப் பார்க்கட்டும். லேப்டாப்பைப் பார்க்கத் தனியே ஒருவர் இருக்கட்டும். மூடிய ஷெட்டில் எஞ்சினை ஓட்டிச் சோதிப்பது உயிருக்கே ஆபத்து என்பதையும் சேர்த்துச் சொல்லிக்கொடுப்போம்.

மூன்றாவதாக, அரசுக்கு ஒரு வேண்டுகோள். கலிபோர்னியாவில் 2000ஆம் ஆண்டிலும் அதற்குப் பின்னும் வந்த பெரும்பாலான பெட்ரோல் கார்களுக்கு, 2015 முதல் காரின் கணிப்பொறியைப் படித்தே புகைச் சோதனை செய்கிறார்கள். நாம் குழாய்ச் சோதனையை விட்டுவிட வேண்டாம். ஃபோக்ஸ்வாகன் பாடத்துக்குப் பிறகு கணிப்பொறியை மட்டும் நம்பவும் வேண்டாம். இரண்டையும் செய்வோம். சான்றிதழின் பின்புறத்தில் கணிப்பொறி சொன்ன எண்களையும் அச்சிட்டு உரிமையாளர் கையில் கொடுத்தால், தன் வண்டியின் உடல்நிலை அவருக்கும் தெரியும். பழுது பார்க்க மெக்கானிக்குக்கும் உதவும்.

நண்பர்களே! நம்மில் பலர் பனியன் கம்பெனித் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள். கார் வைத்திருப்பவர்கள் குறைவு. "இது கார்க்காரர் கவலை, நமக்கென்ன?" என்று தோன்றலாம். நொய்யலில் சாயம் கலந்தபோது, சாயப்பட்டறை வைத்திருந்தவர்கள் மட்டுமா அந்த நீரைக் குடித்தார்கள்? ஒரு கிணறும் சொந்தமில்லாதவர்களுக்கும் அதில் பங்கு வந்தது. காற்று இன்னும் பொதுவானது. ஷிப்டு முடிந்து சாலையோரம் பேருந்துக்கு நிற்கும் அக்காமார்களும், பள்ளிக்கு நடந்து போகும் தம்பி தங்கைகளும் கார் வைத்திருப்பவர்களைவிட அதிகமாகவே அந்தப் புகையை ஏற்கிறார்கள். அவர்களுக்கு எஞ்சின் சொந்தமில்லை. அது விடும் மூச்சு மட்டுமே சொந்தம்.

திருப்பூருக்கு அளக்கத் தெரியும். நூலின் கவுண்ட்டை அளக்கிறோம். துணியின் எடையை அளக்கிறோம். தையலில் ஓர் அங்குலத்துக்கு எத்தனை குத்து என்றுகூட எண்ணுகிறோம். வெளிநாட்டிலிருக்கும் வாங்குபவருக்காக இவ்வளவையும் அளந்து எழுதி வைக்கின்ற நாம், நமக்காக, நம் பிள்ளைகளின் நுரையீரலுக்காக, ஒரு பத்தி கூடுதலாக எழுதக் கூடாதா? அடுத்த ஆண்டு மலரில் இதே பக்கத்தில் கருத்துக்குப் பதிலாக ஓர் அட்டவணை வெளிவருமானால், இக்கட்டுரை எழுதப்பட்டதன் பயன் நிறைவேறியதாகக் கொள்வேன்.